ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டலாமா? மெதுவாகிப்போன கணினியைச் சரிசெய்யும் வரிசை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கணினி பழுதுபார்க்கிறேன். லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலிருந்தும் மடிக்கணினிகள் வருகின்றன. திறந்து பார்த்தால் பலவற்றில் ஏதோ ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஏற்கெனவே குடியேறியிருக்கும். விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதிவைக்கும் இடமான ரெஜிஸ்ட்ரியில், பழைய வரிகளைத் தேடி நீக்கும் மென்பொருள் அது. "ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு, அதான் இதைப் போட்டேன். இப்ப பிரிண்டரும் வேலை செய்யல" என்பார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காக ரெஜிஸ்ட்ரி கிளீனரை ஓட்டாதீர்கள். நல்லபடியாக ஓடி முடிந்தாலும் வேகத்தில் மாற்றம் தெரியாது. தவறாக ஓடினால், நேற்றுவரை வேலை செய்த ஒன்று இன்று நின்றுவிடும். உங்கள் கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கிளீனரை ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்கள் நேராக 8ஆம் பகுதிக்குப் போங்கள். அதைப் படித்து முடிக்கும்வரை கணினியில் எதையும் நீக்க வேண்டாம்.

கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் ஒரு வெளி டிஸ்க் அல்லது பெரிய தம்ப் டிரைவ். பிள்ளைகளின் படங்கள், பள்ளி வேலைகள், கடைக் கணக்கு எல்லாவற்றையும் அதில் நகலெடுத்துவிட்டு, கழற்றித் தனியாக வையுங்கள். செருகியபடியே விட்டால் அதையும் தவறுதலாக அழித்துவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் அமைப்பான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. 48 இலக்கம் கொண்ட எண் இது. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அன்றாடம் அது தெரியாது. விண்டோஸ் எழும்பாமல் மீட்புத் திரைக்குப் போகும்போதுதான் நீலத் திரையில் அந்த எண்ணைக் கேட்கும். அப்போது தேடினால் கிடைக்காமல் போகலாம். கணினி நன்றாக ஓடும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணினியைக் கடையில் யாரோ அமைத்துக் கொடுத்திருந்தால், எந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்தார் என்று அவரிடம் இன்றே கேளுங்கள்.

மூன்றாவது, பில் போடும் மென்பொருள், கணக்கு மென்பொருள் போன்றவற்றின் உரிம எண்கள். மறுபடி நிறுவ நேர்ந்தால் இவை இல்லாமல் வேலை நகராது.

அப்புறம், வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை வந்தால் கரண்ட் போகும். விண்டோஸ் தன் பதிவுகளை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் நின்றால், எந்தக் கிளீனரும் இல்லாமலே ரெஜிஸ்ட்ரி கெட்டுவிடக்கூடும். மடிக்கணினியானால் பேட்டரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும்.

2. மீட்புப் புள்ளி வையுங்கள்

எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. ஸ்டார்ட் மெனுவில் "கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்" என்று தட்டித் திறங்கள். சி டிரைவுக்கு நேரே "ஆஃப்" என்று இருக்கிறதா பாருங்கள். பல கணினிகளில் அப்படித்தான் இருக்கும். "கான்ஃபிகர்" அழுத்தி, பாதுகாப்பை இயக்கி, டிஸ்க்கில் ஐந்து விழுக்காடு இடம் ஒதுக்குங்கள். பிறகு "கிரியேட்" அழுத்தித் தேதியோடு ஒரு பெயர் கொடுங்கள்.

இந்தப் புள்ளிக்குள் ரெஜிஸ்ட்ரியும் விண்டோஸின் கோப்புகளும் அடங்கும். உங்கள் படங்களும் ஆவணங்களும் அடங்காது. அதனால்தான் முதல் பகுதியில் தனியாக நகலெடுக்கச் சொன்னேன். ஒன்று இருப்பதால் மற்றொன்றை விட்டுவிடாதீர்கள்.

பாதுகாப்பை இயக்கியதோடு "எல்லாம் ஆச்சு" என்று எழுந்து போய்விடுபவர்கள் உண்டு. புள்ளியை நீங்கள் உருவாக்கினால்தான் இப்போது திரும்பி வர ஓர் இடம் இருக்கும்.

3. ரெஜிஸ்ட்ரி என்பது செக்ரோல் மாதிரி

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி கையில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருக்கும். யார் எந்த வேலைக்காட்டில், யாருக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது என்று எல்லாம் அதில் உண்டு. பத்து ஆண்டுக்கு முன் தோட்டத்தை விட்டுப் போனவர் பெயரும் பழைய பக்கத்தில் இருக்கும். அதனால் இன்றைய பெரட்டு தாமதமாவதில்லை. கிராணி இன்றைய பக்கத்தைத்தான் திறக்கிறார்.

விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியும் அப்படியே. எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறக்கும், பிரிண்டர் எந்த டிரைவரோடு பேசும், விசைப்பலகை எந்த மொழியில் எழுதும் என்ற குறிப்புகள் அதில் இருக்கின்றன. அது கிளை கிளையாகப் பிரிந்த ஒரு தரவுத்தளம். ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய கிளைக்கு நேராகப் போய்ப் படிக்கும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை யாரும் புரட்டுவதில்லை. அதனால் நீக்கிய மென்பொருளின் சில நூறு பழைய வரிகள் ஓர் ஓரத்தில் கிடந்தால் வேகம் குறையாது. கிளீனர் நீக்கும் வரிகள் எல்லாம் சேர்ந்தாலும், கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவுகூட வராது.

4. கிளீனர் எங்கே தவறுகிறது

பழைய பெயர் என்று நினைத்து, மருத்துவ விடுப்பில் இருப்பவர் பெயரைச் செக்ரோலில் அடித்துவிட்டால் என்ன ஆகும்? அவர் திரும்பி வரும் நாளில் சம்பளம் இருக்காது. கிளீனர் செய்வதும் இதுதான். ஒரு வரி சுட்டும் கோப்பு இப்போது அந்த இடத்தில் இல்லையென்றால் "பிழை" என்று குறித்துக்கொள்கிறது. ஆனால் கோப்பு இல்லாமல் இருக்க நியாயமான காரணங்கள் உண்டு. அது கழற்றி வைத்த வெளி டிஸ்க்கில் இருக்கலாம். மாதம் ஒருமுறை மட்டும் செருகும் உரிமச் சாதனத்தைச் சார்ந்திருக்கலாம். தேவைப்படும்போது மட்டும் உருவாகும் கோப்பாகவும் இருக்கலாம். வேண்டுமென்றே காலியாக விடப்பட்ட வரிகளும் உண்டு. அந்த வரி இருக்கிறதா இல்லையா என்பதையே சில மென்பொருள்கள் பார்க்கும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் தேர்வுத்தாள் தட்டச்சு செய்யும் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். "தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் தமிழ்ல அடிச்சேன். காலையில திறந்தா இங்கிலீஷ் மட்டும்தான் வருது" என்றார். "டீச்சர், இடையில ஏதாவது புதுசா போட்டீங்களா?" என்று கேட்டேன். மகன் ஒரு கிளீனரை இறக்கி, 900க்கும் மேற்பட்ட பிழைகளை ஒரே அழுத்தில் சரிசெய்திருந்தான். அந்தப் பட்டியலைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தபோது, நடுவில் விசைப்பலகை அமைப்பைச் சுட்டும் இரண்டு வரிகள் போயிருந்தன. தட்டச்சு மென்பொருள் அப்படியே இருந்தது, எழுத்துருவும் இருந்தது. விண்டோஸுக்குத்தான் அப்படி ஒரு விசைப்பலகை இருப்பதே தெரியவில்லை. திங்கட்கிழமை தேர்வு. 900 வரியில் அந்த இரண்டைத் தேட எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று.

மைக்ரோசாஃப்டும் இந்தக் கருவிகளை ஆதரிப்பதில்லை என்று தன் ஆதரவுக் கொள்கையில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. இவற்றால் வரும் பழுதைச் சரிசெய்யத் தன்னால் உறுதி தர முடியாது, விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியும் வரலாம் என்பதும் அதில் உண்டு.

இன்னொன்று, கிளீனர் ஓடுவதற்கு நிர்வாகி உரிமை கேட்கும். வீட்டுச் சாவியை முழுதாகக் கொடுப்பதற்குச் சமம் அது. 2017இல் பலரும் நம்பிப் பயன்படுத்திய சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே வெளியாட்கள் தீய நிரலை நுழைத்துவிட்டார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அந்தப் பதிப்பு இறங்கியிருந்தது. பெயர்பெற்ற கருவிக்கே அப்படி நேர்ந்தது. விளம்பரத்தில் வரும் பெயர் தெரியாத ஒன்றுக்கு உங்கள் சாவியைக் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

5. முதலில் அளந்து பாருங்கள்

"மெதுவாக இருக்கிறது" என்பது மட்டும் போதாது. எப்போது மெதுவாகிறது? தொடங்கும்போதா, உலாவியைத் திறந்த பிறகா, நாள் முழுவதுமா?

"ரீஸ்டார்ட்" அழுத்திக் கைப்பேசியில் நேரம் பிடியுங்கள். திரை வந்து, உலாவி திறக்கும்வரை எத்தனை நொடி என்று எழுதுங்கள். இங்கே பலர் "ஷட் டவுன்" செய்து மறுபடி போடுகிறார்கள். இரண்டும் ஒன்று கிடையாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். விண்டோஸின் உட்பகுதி நினைவில் இருந்தது அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுபடி எழும்பும். ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிதாகத் தொடங்கும்.

பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். "பெர்ஃபார்மன்ஸ்" பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் பத்து நிமிடம் கவனியுங்கள். சிபியு பக்கத்தில் "அப் டைம்" எத்தனை நாள் என்பதையும் பாருங்கள். தினமும் அணைக்கிறேன் என்று சொன்னவர் கணினியில் 20 நாளுக்கு மேல் காட்டியதுண்டு. ஒரு ரீஸ்டார்ட்டே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

டிஸ்க் 100 விழுக்காட்டில் நிற்கிறது, அது சுழலும் பழைய டிஸ்க் என்றால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிட்டது. மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. சிபியு ஏறியே இருந்தால் எந்த நிரல் என்று "பிராசஸஸ்" பக்கம் காட்டும். இந்த மூன்றில் எதையும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் தொடுவதே இல்லை.

6. வேகத்தைத் திருப்பித் தரும் வேலைகள், இந்த வரிசையில்

செலவில்லாததிலிருந்து தொடங்குகிறோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து நேரத்தை எழுதுங்கள். செலவில்லாத முதல் நான்கையும் ஒரே மூச்சில் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

*இடத்தைக் காலியாக்குதல்.* செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ். சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். இடமில்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட்டும் தற்காலிகக் கோப்புகளும் மூச்சுத் திணறும். "டெம்பரரி ஃபைல்ஸ்" பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்ற பெயருக்கு நேரே குறி இருந்தால் எடுத்துவிட்டுப் பிறகு நீக்குங்கள். பலருடைய முக்கியமான கோப்புகள் அந்த ஃபோல்டரில்தான் கிடக்கும்.

*தொடக்க நிரல்கள்.* டாஸ்க் மேனேஜரில் "ஸ்டார்ட்அப் ஆப்ஸ்". தேவையில்லாததை "டிஸேபிள்" செய்யுங்கள். இது நீக்குவதில்லை, நிறுத்தி மட்டும் வைக்கிறது. தவறினால் மறுபடி இயக்கிக்கொள்ளலாம். ஒலி, டச்பேட், ஆன்டிவைரஸ் சம்பந்தப்பட்டவற்றை விட்டுவிடுங்கள்.

*மென்பொருள் நீக்கம்.* இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் சோதிப்பதால் கணினி திணறும். செட்டிங்ஸில் "ஆப்ஸ்" வழியாகவே நீக்குங்கள். ஃபோல்டரை நேராக அழிக்காதீர்கள். நீக்க மறுக்கும் மென்பொருளுக்கு, நிறுவல் நீக்கப் பிரச்சினைகளைத் தீர்க்கும் கருவி ஒன்றை மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. அந்த ஒரு மென்பொருளின் கெட்டுப்போன ரெஜிஸ்ட்ரி வரிகளை மட்டும் அது பார்க்கும். கிளீனர் எதற்கு என்று நினைத்தீர்களோ, அதற்கு இதுவே போதும்.

*விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்த்தல்.* கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, முதலில் டிஸ்ம் கட்டளையை ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரீஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று சொற்களோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் இடைவெளியும் சாய்கோடும் வேண்டும். அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ். வரிசையை மாற்றாதீர்கள். எஸ்எஃப்சி நல்ல கோப்பை எடுக்கும் கிடங்கைத்தான் டிஸ்ம் பழுதுபார்க்கிறது. கிடங்கே கெட்டிருந்தால் எஸ்எஃப்சி எங்கிருந்து எடுக்கும்? டிஸ்ம் ஒரே விழுக்காட்டில் நெடுநேரம் நிற்பது சாதாரணம். பொறுமை இழந்து சன்னலை மூடாதீர்கள்.

*உள்ளே இருக்கும் பொருள்கள்.* இத்தனைக்கும் பிறகு மெதுவாக இருந்தால் பணம் செலவழிக்கும் கட்டம். சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதுதான் பழைய கணினிக்கு நான் செய்யும் மிகப் பெரிய உதவி. தொடக்கத்தில் விண்டோஸ் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்குமாகப் படிக்கிறது. சுழலும் டிஸ்க்கின் முள் ஒவ்வொன்றுக்கும் நகர வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. 4 ஜிபி ரேம் விண்டோஸ் 11 நிறுவ மட்டுமே போதும், வேலை செய்ய 8 ஜிபி வேண்டும். மேஜைக் கணினியானால் பக்கத் தகட்டைத் திறந்து காற்றாடியைப் பாருங்கள். தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளில் செம்மண் தூசியும், சில நேரம் பல்லி முட்டையும் இருக்கும். காற்றாடி அடைத்தால் சூடேறி, சூட்டைக் குறைக்க சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூரிகையால் தட்டும்போது காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தே ஆக வேண்டும் என்றால்

சில நேரம் தேவைப்படும்தான். ஒரு மென்பொருளின் தயாரிப்பாளரே "இந்த வரியை இப்படி மாற்று" என்று சொல்லியிருக்கலாம். அப்படிக் காரணம் தெரிந்த ஒரே ஒரு வரியை மட்டும் தொடுங்கள்.

விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் அழுத்தி, ரெக்எடிட் என்று தட்டித் திறங்கள். மாற்றப்போகும் கிளையை இடது பக்கத்தில் தேர்ந்தெடுத்து, "ஃபைல்" மெனுவில் "எக்ஸ்போர்ட்". "செலக்டட் பிராஞ்ச்" குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். ரெக்எடிட்டில் "அன்டூ" கிடையாது, சேமிக்கட்டுமா என்றும் கேட்காது. மாற்றிய நொடியிலேயே எழுதப்பட்டுவிடும்.

சேமித்த அந்த ரெக் கோப்பை இரண்டு முறை சொடுக்கினால், நீக்கிய வரிகளும் மாற்றிய மதிப்புகளும் திரும்பி வரும். ஆனால் நீங்கள் புதிதாகச் சேர்த்த வரி அழியாது. அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். இது தெரியாமல் "பேக்கப் போட்டும் சரியாகவில்லை" என்று வருபவர்கள் உண்டு.

8. கிளீனரை ஓட்டிவிட்டீர்கள், ஏதோ நின்றுவிட்டது

முதல் விதி: கிளீனரை இன்னும் நீக்காதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். நீக்கிய வரிகளின் நகல் பல கிளீனர்களில் அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும். அதைத் திறந்து "ரீஸ்டோர்" அல்லது "அன்டூ" என்ற பக்கத்தைத் தேடுங்கள். சில கிளீனர்கள் நகலை "டாக்குமென்ட்ஸ்" ஃபோல்டரில் ரெக் கோப்பாக வைத்திருக்கும். அன்றைய தேதியுள்ளதைச் சொடுக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அது உதவவில்லையென்றால் மீட்புப் புள்ளி. விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் அழுத்தி, ஆர்எஸ்டிஆர்யுஐ என்று தட்டித் திறங்கள். ஓட்டிய நாளுக்கு முந்தைய புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸே எழும்பவில்லையென்றால், விண்டோஸ் சின்னம் வரும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி போட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். வழக்கமாக மூன்றாவது முறை மீட்புத் திரை வரும். அங்கே "டிரபிள்ஷூட்", "அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்", "சிஸ்டம் ரீஸ்டோர்". தாளில் எழுதிவைத்த 48 இலக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ரெக்பேக்கிலிருந்து கோப்புகளை நகலெடுத்து ஒட்டுங்கள்" என்று சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்த ஃபோல்டரில் தானாக நகல் எடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. கோப்புகள் பெயருக்கு இருக்கும், அளவு பூஜ்யம். அவற்றை மேலே ஒட்டினால் மிச்சமிருக்கும் ரெஜிஸ்ட்ரியும் போய்விடும்.

புள்ளியும் இல்லை, விண்டோஸ் 11 எழும்புகிறது என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி பக்கத்தில் "ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்" என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டே விண்டோஸை மறுபடி நிறுவும். ஒரே ஒரு மென்பொருள்தான் கெட்டது என்றால் அதை மட்டும் நீக்கி மறுபடி நிறுவினால் போதும். டீச்சருக்குக்கூட நான் கடைசியில் அதைத்தான் செய்திருக்கலாம். அன்று அந்த மென்பொருளின் உரிம எண் அவரிடம் இல்லை.

எல்லாம் சரியான பிறகு கிளீனரை நீக்குங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் "ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்" பக்கத்தில், வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் அமைப்பை இயக்கிவிடுங்கள். அடுத்த முறை வீட்டுப் பிள்ளைகள் இறக்க முயன்றால் பலவற்றை அது வாசலிலேயே நிறுத்தும்.

9. பணம் கட்டிவிட்டால்

இலவசமாகச் சோதித்து, சிவப்பு எழுத்தில் ஆயிரத்துச் சொச்சம் பிழை காட்டி, சரிசெய்ய வெள்ளி கேட்கும் கருவிகள் நிறைய. புத்தம் புதிய கணினியில் ஓட்டினாலும் நூற்றுக்கணக்கில் காட்டும். ஆண்டுச் சந்தாவில் சேர்ந்திருந்தால் வங்கிக்குச் சொல்லித் தானாகப் பணம் பிடிப்பதை நிறுத்துங்கள்.

திரையில் வந்த எண்ணுக்கு அழைத்து, யாரையாவது தொலைவிலிருந்து உங்கள் கணினிக்குள் விட்டிருந்தால் அது வேறு விஷயம், அவசரம். வைஃபையை உடனே துண்டியுங்கள். அடுத்த நிமிடம் வங்கிக்கு அழையுங்கள், கூடவே மலேசியாவின் தேசிய மோசடி மறுமொழி மையத்தின் 997 எண்ணுக்கும். பணம் வேறு கணக்குகளுக்கு நகர்வதற்குள் தடுப்பதுதான் அந்த மையத்தின் வேலை, அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கடவுச்சொற்களை வேறு கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி. கணினியைக் கடைக்குக் கொண்டுவருவது இவை அனைத்தும் முடிந்த பிறகு இருக்கட்டும்.